ஏழாம் பாகம், பக்கம் 611

ஒன்றரை வரி.
எண்ணிப் பார்த்துவிட்டேன், பதினோரு சொற்கள்.
ஊமை ஓடக்காரன் அதற்குள் செத்துப்போனான்.
அதுவும் யாரோ போகிற போக்கில் சொல்லித்
தளபதி காதில் விழுகிற செய்தியாக.
தளபதி "அப்படியா" என்றுகூடக் கேட்கவில்லை,
குதிரைக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார்.

மேலையூர் மதகில் இரவுக் காவல் எனக்கு.
இதற்குப் பிறகு ஆற்றைத் தடுக்க யாரும் இல்லை,
பூம்புகார்தான், கடல்தான்.
ஷட்டர் அறை டியூப்லைட்டிலிருந்து உதிர்ந்த ஈசலை
ஊதி ஊதிப் படித்து முடித்தபோது
மணி இரண்டே முக்கால்.
அளவுகோல் பார்த்தேன். பதிவேட்டில் எழுதினேன்.
கை நடுங்கியது கோபத்தில்தான்.

பதினான்கு வருஷம்.
முதல் பாகம் வாங்கியபோது எனக்குக் கல்யாணம் ஆகவில்லை.
நான்காம் பாகம், பையன் பிறந்த ஆஸ்பத்திரி வராந்தா.
ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவில்
ஒரு புயல், இரண்டு தேர்தல், அப்பாவின் காரியம்.
அத்தனையிலும் அந்தக் குடம் படகில் இருந்தது.
மெழுகால் வாய் அடைத்த செப்புக் குடம்.
நிழலில்லாத அரசி தன் கையால் கொடுத்துத்
திறக்காதே என்று சொன்ன குடம்.
ஆறு பாகமும் அதைச் சுமந்தவன்
ஏன் என்று கேட்க வாய் இல்லாதவன்.

குடத்தில் என்ன என்று
நானும் ஜகபர் நாச்சியாவும் போடாத சண்டை இல்லை.
ஆக்கூர் முக்கூட்டில் ஜெராக்ஸ் கடை அவளுக்கு.
சிட்டா நகல் எடுக்கப் போனவன்
கல்லாவுக்குப் பக்கத்தில் இரண்டாம் பாகம்
கவிழ்ந்து கிடக்கக் கண்டு
மீதிச் சில்லறை வாங்காமல் நின்றேன், அப்படித்தான் பழக்கம்.
அரசியின் நிழல் என்பேன் நான்.
"வெறும் உப்பு. பாத்துக்கிட்டே இருங்க, வெறும் உப்பு" என்பாள்.
பந்தயம் அரைக்கிலோ தம்ரூட்.

குடத்தைக் காணோம்.
திறக்கவில்லை, உடையவில்லை, ஆற்றில் விழவில்லை.
எழுதியவருக்கு மறந்துவிட்டது.
அரசிக்குக் கல்யாணம் மட்டும் பன்னிரண்டு பக்கம்,
பந்தியில் என்னென்ன பரிமாறினார்கள் என்பதுவரை.

ஆற்றைச் சொல்லித் தேற்றிக்கொள்ளலாம் என்று பார்த்தேன்.
முக்கொம்பில் அவ்வளவு அகலம்,
இங்கே வரும்போது வாய்க்கால்,
சில வருஷம் கடல்வாயில் மணல்மேடு, அதன்மேல் ஓர் ஆடு.
ஆனால் ஆற்றை வழியெல்லாம் ஊர்கள் குடித்திருக்கின்றன.
குறுவைக்கு இவ்வளவு, தாளடிக்கு இவ்வளவு,
கணக்கு என்னிடமே இருக்கிறது, கன அடியில்.
இந்தக் கதையை யார் குடித்தார்கள்?

காலை ஆறுக்கு அவளே கூப்பிட்டாள்.
"நானூத்தி முப்பதுல இருக்கேன், ஒண்ணும் சொல்லிடாதீங்க.
படகைத் திருப்பிட்டான் பாத்தீங்களா!
எனக்கு அப்பவே தெரியும், திருப்புவான்னு."
"ம்."
"குரல் ஏன் ஒரு மாதிரி இருக்கு?"
"ராத்திரி டியூட்டி."
போனை வைத்துவிட்டு ஷட்டர் திருகுக்கு கிரீஸ் தடவினேன்.
நேற்றுத் தடவியதே வழிந்துகொண்டிருந்தது.

மூன்று நாள் போன் இல்லை.
நான்காம் நாள் ஆதார் நகல் வேண்டும் என்று போனேன்.
மெஷின் வெளிச்சம் அவள் முகத்தில் ஓடி மறைந்தது.
நகலோடு ஒரு பொட்டலத்தையும் நீட்டினாள்.
அரைக்கிலோ. காகிதத்தில் நெய் ஊறியிருந்தது.
"அப்ப நான் ஜெயிச்சுட்டேனா?"
"யாரும் ஜெயிக்கல. வாங்கி வச்சிருந்தேன், என்ன பண்றது?"

பொறையார் பஸ் ஆரனை அடித்துக்கொண்டே நின்றது.
நின்றபடி தின்றோம், ஆளுக்கு ஒரு விள்ளல்.
"இருந்தாலும் உப்புதான்" என்றாள் வாயில் தித்திப்போடு.
நிழல் என்றேன்.